ஓரகத்தி வண்டிக்கு ரப்பர் மாத்தினது

எங்க ஓரகத்தி அமராவதியோட கேரவன் வண்டியில இருந்த ரூம் வளர ஆரம்பிச்சது ஆடி மாசத்துலீங்க, நாங்க ரப்பர் மாத்தி முடிச்ச கையோட. மொதல்ல ஒரு விரக்கடை, அப்புறம் ஒரு சாண், அப்புறம் எல்லாரும் பாத்துட்டிருக்கும்போதே க்ரீச்சுன்னு ஒரு சத்தத்தோட ஒரு மொழம். பொள்ளாச்சியில உடுமலை ரோட்டுக்குப் பின்னால இருக்கற எங்க சந்துல அதை யாரும் அதிசயம்னு சொல்லல, "அமராவதி வண்டி வளருதாமா, நம்மூட்டு முருங்கை அப்படி வளந்தாத் தேவல"ன்னு சொல்லிப்போட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. வளந்தா வளரட்டும்னு நானும் இருந்திருப்பேன். ஆனா அது வளந்த திக்கு எங்கூட்டு அடுப்படிச் செவுரைப் பாத்துங்க.

நான் துளசிமணி. எங்கூட்டுக்காரர் நாச்சிமுத்துவும் நானும் ரப்பர் பீடிங் கடை வெச்சிருக்கறோம். பஸ்ஸுக் கண்ணாடி, லாரிக் கதவு, வேன் ஜன்னல்னு எதுல தண்ணி ஒழுகினாலும் காத்து சீறினாலும் எங்ககிட்டத்தான் வருவாங்க. முன்னால கடை, பின்னால ஊடு, அடுப்படி மட்டும் சந்துப் பக்கமாத் துருத்திட்டு நிக்கும். எதுத்தாப்ல எங்கூட்டுக்காரரோட அண்ணன் கிட்டுசாமி ஊடு. அவரு சினிமா ஷூட்டிங்குக்குக் கேரவன் விடறவரு. நடிகருங்க மேக்கப் போட்டு, டிரஸ் மாத்தி, படுத்து எந்திரிக்கற வண்டி. சுச்சைத் தட்டினா சைடுல ஒரு ரூமே வெளிய நீளும், மறுபடி தட்டினா உள்ள போயிரும். ஏசி, சோபா, கண்ணாடிக் கதவு போட்ட பாத்ரூம், எந்நேரமும் சுடுதண்ணி. ஆடியில புதுப் படத்துக்குப் பூசை போட மாட்டாங்கன்னு ஒரு வண்டி வாசல்ல நின்னுச்சு, இன்னொரு வண்டியோட அவரு ஆந்திராப் பக்கம் போயிருந்தாரு. அவரு சம்சாரந்தான் இந்த அமராவதி. வண்டி வாசல்ல நின்னா ஊட்டைப் பூட்டிப்போட்டு வண்டிக்குள்ளதான் படுப்பா. நேர்ல அக்கா, வாங்க, போங்கதான். மனசுக்குள்ள அவ இவதான்.

எனக்கு அவ மேல பொறாமைங்க. இதுல மூடி மறைக்க என்ன இருக்குது? ஊர்ல இருக்கற கதவுக்கெல்லாம் சொட்டு ஒழுகாம ரப்பர் போடறவ ஊட்டுல பாத்ரூமுக்கு இருக்கறது தகரக் கதவு, அதுவும் அடியில துருப்பிடிச்சுப் போயி குளிக்கறப்ப கால் ரெண்டும் வெளிய தெரியும். அவளுக்கு ரெண்டு பாத்ரூம், ஒண்ணு சக்கரத்து மேல. குளிச்சுப்போட்டு ஈரத்தலையை ஒரு துண்டுல சுத்திட்டு அந்த வண்டிப் படியில எறங்கி வருவா பாருங்க, எனக்கு அடிவவுத்துல சூடா ஒண்ணு கெளம்பி நெஞ்சுக்கு வரும். கலியாணமாகி வந்த நாள்லருந்து அது இருக்குது, சளி மாதிரி போயிட்டு போயிட்டு வருது.

அப்படி இருக்கறப்ப அவ கடைக்கு வந்து நின்னா. மழை பேஞ்சா நீளற ரூமோட மூலையில தண்ணி எறங்குதாம், பாத்ரூம் கதவுக்கடியில ஒழுகி மிதியடியெல்லாம் நனையுதாம்.

"போன தடவை கோயமுத்தூர்ல ஒருத்தன் போட்டான் துளசி, அவ்வளவு சுத்தம். நீங்க எப்படிப் போடுவீங்களோ. ஒரு சொட்டு வெளிய வரக்கூடாது, ஆமா."

"வராதுங்கக்கா"ன்னேன். பல்லைக் கடிச்சுட்டுத்தான் சொன்னேன்.

பழைய ரப்பர் கருவாடு மாதிரி விறைச்சுக் கெடந்துச்சு. ரூமைச் சுத்தி ரெண்டு வரிசை ரப்பர் ஓடும். ஒண்ணு குமிழ் வெச்சது, ரூமை இழுத்து மூடினா அமுங்கி அடைச்சுக்கும். இன்னொண்ணு நாக்காட்டம் நீட்டிட்டிருக்கும், ரூம் உள்ள போறப்ப மேல இருக்கற தண்ணியையும் தூசியையும் வழிச்சு விட்டுரும். ரெண்டையும் பிச்சு எடுத்து, பழைய பசையை பிளேடால சொரண்டி, தின்னர் வெச்சுத் தொடைச்சு, மூலைக்கு மூலை சாய்ச்சு வெட்டி, இழுக்காம, அமுத்தி அமுத்தி ஒட்டினோம். இழுத்து ஒட்டினா வெயிலுக்குச் சுருங்கி மூலையில வாயைத் தொறந்துக்கும். பாத்ரூம் கண்ணாடிக் கதவுக்கும் அடியிலயும் ஓரத்துலயும் புதுசு போட்டோம். போட்டு முடிச்சா எங்க வழக்கம் என்னன்னா, இவரு உள்ள நின்னு தண்ணியை மொண்டு மொண்டு கதவு மேல ஊத்துவாரு, நான் வெளிய உக்காந்து தரையில உள்ளங்கையை வெச்சுட்டிருப்பேன். "வருதா?"ன்னு அவரு கேப்பாரு, "வரல"ன்னு நான் சொல்லுவேன், பஸ்ஸாகட்டும், லாரியாகட்டும், மழை வேணாம், நாங்க ரெண்டு பேரும் போதும், வருதா, வரல, வருதா, வரல, பொழுது சாயற வரைக்கும் அதே பாட்டுத்தான். நடுவுல அவரு வேணும்னே ஜன்னல் வழியா எம்மேல ஒரு கை தண்ணியை வீசுவாரு, நான் திட்டுவேன்.

ஒரே ஒரு விசயந்தான் தப்பாப் போச்சு. கண்ணாடிக் கதவு நிக்கற சட்டத்துக்கடியில ரெண்டு பொடி ஓட்டை இருக்கும், சட்டத்துக்குள்ள தேங்கற தண்ணி வடியறதுக்கு. எங்க தொழில்ல எதை அடைச்சாலும் அதை அடைக்க மாட்டோம். நான் சிலிகானை வெச்சு அந்த ரெண்டையும் அடைச்சேன்.

"அதை விடு புள்ள, அது வடியற ஓட்டை"ன்னு இவரு சொன்னாரு.

"ஒரு சொட்டு வரக்கூடாதுன்னா உங்க அண்ணி. வராது"ன்னேன்.

அவ்வளவுதான். அந்த வண்டி அப்படி ஒரு இறுக்கமா அடைச்சுக்கிச்சு. பழைய ரப்பர் இருந்தவரைக்கும் யாரு எந்தக் கண்ணோட பாத்தாலும் அந்தப் பொறாமை ஒரு பக்கம் உள்ள போயி இன்னொரு பக்கம் ஒழுகிப் போயிட்டிருந்திருக்கும் போல. இப்ப உள்ள போனது வெளிய வர வழியில்லாம, காத்தடிச்ச டியூப் மாதிரி, நீளற ரூமைப் புடிச்சுத் தள்ள ஆரம்பிச்சுது. அன்னிக்குப் பொழுதோட நான் அடுப்படி ஜன்னல் வழியாப் பாத்தேன், அவ அந்தப் பாத்ரூம்ல குளிச்சுப்போட்டு என்னோட ரப்பரைத் தடவிப் பாத்துட்டுப் படியில எறங்கினா, எனக்கு வவுத்துல சூடு கெளம்புச்சு, எதுத்தாப்ல க்ரீச்சுன்னு கேட்டுச்சு. மொதல் விரக்கடை அது. என்னோடதுதாங்க.

சந்துக்காரங்க ரெண்டே நாள்ல கணக்கைப் புரிஞ்சுக்கிட்டாங்க. யாராச்சும் பொறாமையாப் பாத்தா ரூம் வளரும், பாக்காட்டி நிக்கும், இதுக்கு மேல அதுல தெரிஞ்சுக்க ஒண்ணும் இல்லீன்னு விட்டுட்டாங்க. வளந்து வளந்து ரூம் சந்து மேல ஒரு பந்தலாட்டம் நின்னுச்சு. பூக்காரம்மா கூடையை எடுத்தாந்து அதுக்கடியில நெழல்ல வெச்சுக்கிட்டா, தேங்கா உரிக்கற ஆளுங்க பாரையை அங்க நட்டாங்க, வெயிலுக்கு ரெண்டு மாடு வந்து படுத்துச்சு, மகளிர் குழுக் கூட்டத்தை உள்ளயே சோபாவுல உக்காந்து நடத்தினாங்க, ஒரு கலியாண உறுதியே அதுக்குள்ள நடந்துச்சு. வந்தவங்க எல்லாம் காப்பி குடிச்சுப்போட்டு "நல்லாருக்குதுங்"ன்னு சொல்லிட்டு எறங்குவாங்க, அவங்க கால் தரையில படறதுக்குள்ள க்ரீச்சுன்னு கேக்கும். "என்ன பெரிய வண்டி"ன்னு மூஞ்சிக்கு நேரா வைதுட்டுப் போனவங்களுக்கு அது அசையவே இல்ல. வாயாரப் பாராட்டினவங்களுக்குத்தான் ரெண்டு விரல் எச்சா நகந்துச்சு.

அப்புறம் அதைப் பாக்கன்னே ஆனமலையிலிருந்தும் கோட்டூர்லருந்தும் ஆளுங்க வந்தாங்க. பொண்ணு பாக்க வந்த ஒரு மாமியாக்காரி, பொண்ணைக் கூட்டியாந்து வண்டி முன்னால நிறுத்தி, சத்தம் வருதான்னு காதைக் குடுத்துக் கேட்டா. சத்தம் வரல, சரி தங்கமான பொண்ணுன்னு அங்கயே பூ வெச்சுட்டா. திரும்பறப்ப மாமியாக்காரி ஒரு தடவை ரூமை அண்ணாந்து பாத்தா பாருங்க, ஒரு சாண். பொண்ணு சிரிப்பை அடக்க முடியாம மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு, பத்து வருசம் ஒண்ணாத் தோப்பு பாத்தவங்க, ஒருத்தன் பாத்தா சத்தம் வருது இன்னொருத்தன் பாத்தா வரலைன்னு அங்கயே சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க. அமராவதி மட்டும் வர்ற ஒறம்பரைக்கெல்லாம் காப்பி கலக்கிக் குடுத்துட்டே இருந்தா.

ஆனா யாரு எவ்வளவு பாத்தாலும் என்னோட பங்குதான் பெருசு. இது ஊருக்கே தெரிஞ்சு போச்சு, அதுதான் எனக்குத் தாங்கல. நான் கோலம் போட வாசலுக்கு வந்தா க்ரீச். துணி காயப்போட வந்தா க்ரீச். பூக்காரம்மா நிமிந்து கூடப் பாக்க மாட்டா, "துளசி எந்திரிச்சாச்சா?"ன்னு கேப்பா. எங்கூட்டுக்காரருக்குத் தலை நிமிர முடியல. அமராவதி ஒரு பூசணிக்காயைச் சுத்தி ஒடைச்சா, நாக்கைத் தொங்கப் போட்ட திருஷ்டி பொம்மையை ஒண்ணு கட்டினா. ரூம் அந்தப் பொம்மையையும் சேத்துத் தள்ளிட்டு எங்கூட்டுப் பக்கம் வந்துச்சு.

நான் ஜன்னலைச் சாத்தி வெச்சுப் பாத்தேன். தலையைக் குனிஞ்சு நடந்து பாத்தேன். அவளுக்கு இருக்கற குறையை எல்லாம் ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்தேன், முட்டி வலி இருக்குது, பையன் ஹாஸ்டல்லருந்து வர மாட்டேங்கறான், ஆனா நெனப்பு சுத்திச் சுத்தி அந்தச் சுடுதண்ணிக்கே வந்து நின்னுச்சு. கடைசியில, கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குப் போயிட்டா சரியாயிரும்னு கெணத்துக்கடவுல எங்கம்மா ஊட்டுக்குப் போனேன். மொத நாள் ஒண்ணும் இல்ல. மறுநாள் பொழுதோட சாப்புட உக்காந்தவ, எங்கம்மா ஊட்டு ஒழுகற கொழாயைப் பாத்தேன், ஒரு நிமிசம் அந்தக் கண்ணாடிக் கதவு ஞாபகம் வந்துச்சு. போன் அடிச்சுது.

"இப்ப என்னத்த நெனச்ச?"ன்னாரு இவரு.

"ஏன்?"

"ரூம் நம்ம செவுத்தைத் தொட்டுருச்சு. தட்டுல சுண்ணாம்பு விழுகுது."

அடுத்த பஸ்ஸுக்கு வந்தேன். வந்து பாத்தா ரூமோட மூலை எங்கூட்டு அடுப்படிச் செவுத்துல வந்து முட்டிட்டு நின்னுட்டு இருக்குது, செவுத்துல மேலருந்து கீழ வரைக்கும் ஒரு வெடிப்பு, அடுப்பு மேல காரை உதுந்து கெடக்குது. சுச்சைத் தட்டினா மோட்டார் உறுமுது, ரூம் உள்ள போக மாட்டேங்குது. அந்தச் செவுரு எங்க மாமனாரு மண்ணைக் கொழைச்சு வெச்சதுங்க, அது போனா அடுப்படி போச்சு, அடுப்படி போனா அதுக்கு மேல நிக்கற ஓடும் போச்சு. எனக்கு இன்னொரு ஊடு இல்ல. அவளுக்கு இருக்குது, சக்கரத்து மேல கூட இருக்குது. அதை நெனச்சேன் பாருங்க, அந்த நிமிசமே இன்னும் ஒரு கை காரை விழுந்துச்சு.

"புள்ள, போயி அந்த ஓட்டையைத் தொறந்து விடு"ன்னாரு இவரு. "அதனாலதான் இத்தனையும்."

"தொறந்தா என்ன அர்த்தம்? நான் போட்டது தப்புன்னு அர்த்தம். கோயமுத்தூர்க்காரன் சுத்தமாப் போட்டான், துளசிக்குத் தெரியலைன்னு அவ ஊரெல்லாம் பழமை பேசுவா."

"பேசட்டும். செவுரு நிக்கும்ல."

"செவுரு நின்னா நான் எப்படி நிக்கறது?"

அவரு விழுந்த காரையைக் கூட்டி அள்ள ஆரம்பிச்சாரு. அடுப்பு மேல கெடந்ததை, அரிசிப் பானை மூடி மேல கெடந்ததை, ஒவ்வொண்ணா. அதைப் பாத்துட்டு எனக்குப் பொக்குன்னு போச்சு. கடையில ரப்பர் குத்தற ஊசியை எடுத்துட்டு எதுத்த வாசலுக்கு நடந்தேன். சந்துல எல்லாரும் வேலையை நிறுத்திப்போட்டுப் பாத்தாங்க, பூக்காரம்மா மட்டும் எனக்காகக் கூடையை நகத்தி வழி விட்டா.

அமராவதி வண்டிக்குள்ள ரொம்பத் தூரத்துல உக்காந்திருந்தா. அவ்வளவு பெருசாப் போச்சு ரூம். ஒரு சோபா, ஒரு தலகாணி, ஒரு போன். அவ எந்திரிச்சு வர்றதுக்கே நேரம் ஆச்சு.

"அக்கா, பாத்ரூம் சட்டத்துல ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குது"ன்னேன். "நான் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கறேன். நீங்க வெளிய உக்காந்து தரையில கையை வெச்சுக்கங்க. நான் வருதான்னு கேப்பேன், தண்ணி வந்தா வருதுன்னு சொல்லுங்க, வராட்டி வரலைன்னு சொல்லுங்க. எப்பவும் நாங்க அப்படித்தான்."

"தெரியும்"ன்னா.

உள்ள போயிக் கதவைச் சாத்தினேன். சாத்தினதும் சத்தமெல்லாம் அறுந்து போச்சு. சந்துச் சத்தம் இல்ல, ஏசிச் சத்தம் இல்ல. நல்லாத்தான் போட்டிருக்கறேன்னு ஒரு நிமிசம் எனக்கே பெருமையா இருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ தரையில கால் மடக்கி உக்காந்து உள்ளங்கையை வெச்சிருந்தா. வாய் அசைஞ்சுது. எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் பேசறா. என் வேலையை வைதுட்டு இருக்கறான்னுதான் நெனச்சேன், வைய்யி, நல்லா வைய்யின்னு சொல்லிட்டே ஊசியைச் சட்டத்துக்கடியில விட்டுக் குத்தினேன். சிலிகான் ஒரு பொடி உருண்டையா வெளிய வந்துச்சு. அந்த ஓட்டை வழியா மொதல்ல வந்தது தண்ணி இல்லீங்க, அவ பேச்சு.

"...ரப்பர் போட்ட அன்னிக்கும் இந்தப் படியில உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். வருதா, வரல, வருதா, வரல. கலியாணமாகி வந்த நாள்லருந்து எதுத்தாப்லருந்து அந்தச் சத்தந்தான் வருது. எங்கூட்டுக்காரர் எங்கிட்ட ஒண்ணைக் கேட்டுப்போட்டுப் பதிலுக்கு நின்னதே இல்ல, போனை வெச்சுருவாரு. உன்னை மட்டும் ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு. தகரக் கதவு ஊட்டுக்குள்ள அப்படி என்னடி சிரிப்பு உனக்கு? எனக்கு வவுறு பத்தி எரியுது துளசி. நீ நல்லாவே இருக்கக் கூடாது."

நான் ஊசியும் கையுமா அப்படியே குந்திட்டேன். பாவம்னு தோணியிருக்கோணும். தோணலீங்க. என்னைப் பாத்து, என்னைய, தகரக் கதவுக்காரியைப் பாத்து அமராவதிக்கு வவுறு எரியுது. எனக்கு உள்ளுக்குள்ள வெல்லம் கரைஞ்ச மாதிரி இனிச்சுது. இன்னொரு ஓட்டையையும் குத்தி விட்டேன். ஒரு சொம்புத் தண்ணியை மொண்டு கதவு மேல ஊத்தினேன்.

"வருதாங்கக்கா?"ன்னு கேட்டேன்.

அவ திடுக்குன்னு நிமிந்து, மூக்கைத் தொடைச்சுக்கிட்டு, உள்ளங்கையை அழுத்தி வெச்சு, யாரோ மொத மொதலா பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, "வரல"ன்னா. நான் இன்னொரு சொம்பு ஊத்தி மறுபடி கேட்டேன், அவ மறுபடி சொன்னா. தேவையே இல்ல, இருந்தாலும் நாலஞ்சு தடவை கேட்டேன்.

அதுக்குள்ள அந்த ரெண்டு ஓட்டை வழியாவும் புஸ்ஸுன்னு காத்து எறங்குச்சு. ஆனமலைக்காரங்களோடதும் கோட்டூர்க்காரங்களோடதும் அந்த மாமியாக்காரியோடதும் என்னோடதும் எல்லாம் சேந்து, சுடுகாப்பி வாசத்தோட, சட்டத்துக்குள்ள எறங்கி வண்டிக்கடியில போயிருச்சு. ரூம் மெதுவா, நாக்கு ரப்பர் அது மேல இருந்த தேங்கா நாரையும் காஞ்ச பூவையும் வழிச்சு விட விட, சந்தைத் தாண்டி வாசலைத் தாண்டி வண்டிக்குள்ள போயி அடைச்சுக்கிச்சு. மேல வெயில் விழுந்ததும் மாடு ரெண்டும் எந்திரிச்சுப் போச்சு. பூக்காரம்மா கூடையைத் தூக்கிட்டு, "நெழல் போச்சு போ, உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துமை வந்தா எங்களுக்கு என்ன லாபம்"ன்னு மொனகினா. ஆனா ஒத்துமையெல்லாம் ஒண்ணும் வரல. நான் கேட்டுட்டேன்னு அமராவதிக்குத் தெரியாது, நானும் சொல்லல.

அன்னிக்குப் பொழுதோட அடுப்படியில வழக்கம் போலப் பலகையில உக்காந்து சோறு வடிச்சேன். எங்கடுப்படி எவ்வளவு சின்னதுன்னா, அடுப்பு முன்னால உக்காந்த எடத்துலருந்தே கையை நீட்டிக் கொழாயைத் திருகிருவேன். அன்னிக்கு நீட்டினேன், எட்டல. எந்திரிச்சுப் போயித் திருகோணுமாப் போச்சு. இவருகிட்டக் காட்டினேன், அவரும் உக்காந்து கையை நீட்டிப் பாத்தாரு, எட்டல. வெடிச்ச செவுரு வெடிப்போடயே ஒரு சாண் வெளிய தள்ளி நின்னுச்சு. எதுத்தாப்ல அவ வண்டியில வெளக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு.

காத்தால எந்திரிச்சு உக்காந்தா கொழாய் மறுபடியும் கைக்கு எட்டுது. எல்லாம் போயிருச்சு. எங்கன்னு தேடினேன். அடுப்புக்குப் பின்னால எலிப் பொந்து, ஜன்னல் கட்டைக்கடியில ஒரு சந்து, கதவு நிலைக்கு ஒரு விரல் எடைவெளி, ஓட்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது. அப்பத்தான் எனக்கு வவுறு எரிஞ்சுது, நெசமா எரிஞ்சுது. இத்தனை வருசமா அவ எம்மேல பட்ட பொறாமை எல்லாம், ஒரு மாளிகைக்கு ஆகற பொறாமை, எலிப் பொந்து வழியா வீணாப் போயிருக்குது.

கடைக்குப் போயி மிச்சமிருந்த சிலிகானையும், வெட்டுத் துண்டு ரப்பரையும் எடுத்தாந்தேன். பொந்தை அடைச்சேன், ஜன்னலுக்குக் குமிழ் ரப்பர் போட்டேன், கதவைச் சுத்தி நாக்கு ரப்பர் ஒட்டினேன், இழுக்காம, அமுத்தி அமுத்தி, ஒரு ஓட்டை விடாம.

"எல்லாத்தையும் அடைக்கற. வடியறதுக்கு ஒண்ணு விடு"ன்னாரு இவரு.

"ஒண்ணும் விட மாட்டேன். நீங்க போயி அந்த டெம்போவுக்குள்ள நின்னு தண்ணி ஊத்துங்க"ன்னேன்.

கடை முன்னால நின்ன டெம்போவுக்குள்ள அவரு ஏறினாரு. நான் தரையில உக்காந்து கதவுக்கடியில உள்ளங்கையை வெச்சேன். எதுத்த வண்டிப் படியில அமராவதி ஈரத்தலையோட வந்து நின்னா.

"வருதா?"ன்னாரு.

"என்னது? கேக்கல, சத்தமாக் கேளுங்க"ன்னேன்.

"வருதா?"ன்னு அவரு கத்தினாரு, கத்திப்போட்டு ஜன்னல் வழியா ஒரு கை தண்ணியை எம்மேல வீசினாரு. நான் திட்டல. சந்து முழுக்கக் கேக்கற மாதிரி சிரிச்சேன். பின்னால எங்கடுப்படியில க்ரீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.

"வரலீங்க"ன்னேன். "இன்னொரு தடவை கேளுங்க."